வயிற்றைக் கட்டலாம்... வாயை யார் கட்டுவது?

ஓட்டப்பிடாரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். வ.உ.சி. பிறந்த ஊர். அப்பாவுக்குத் தூத்துக்குடியில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அம்மாவுக்கு வயது 46. மகளுக்கு 24. வரன் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, அத்தை வந்திருக்கிறாள்.

"மைனி, இவ இப்படியே இருந்தா எந்த மாப்பிள்ளை வீட்டுல தலையாட்டுவாங்க? இப்பல்லாம் வயித்துல ஒரு வளையம் மாட்டி விட்டுருதாங்களாம். மூணே மாசம்... ஊசி மாதிரி ஆயிருவாளாம். நகைக்குச் சேர்த்த பணத்துல கொஞ்சம் எடுத்துச் செஞ்சிரலாம்லா?"

மகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அம்மா காபி போட எழுந்திருக்கிறாள். தரையில் கையூன்றி, சுவரைப் பிடித்து, மெதுவாக. நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு இரைக்கிறது. முழங்கால் வலி. எட்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையில் ஆரம்பித்து இப்போது இன்சுலினில் வந்து நிற்கிறது. ராத்திரி பலத்த குறட்டை. "மணியாச்சி ஜங்ஷன்ல ரயில் வந்த மாதிரி" என்று அப்பா கேலி செய்வார். நடுவில் குறட்டை சட்டென்று நின்று, மூச்சும் நின்று, திணறி விழிப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த வீட்டில் ஆபரேஷனைப் பற்றி யோசிக்க வேண்டியது யாருக்காக? மகளுக்கா, அம்மாவுக்கா? கட்டுரையைப் படித்து முடிக்கும்போது நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

"குண்டு" என்று கண்ணால் பார்த்துச் சொல்வது வேறு. டாக்டர் கணக்குப் போட்டுச் சொல்வது வேறு. உங்கள் எடையைக் கிலோவில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்குங்கள். எடையை அந்த விடையால் வகுங்கள். கிடைப்பதுதான் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு.

நம் வீட்டு அம்மாவும் மகளும் ஒரே உயரம். 5 அடி 2 அங்குலம், அதாவது 1.57 மீட்டர். 1.57-ஐ 1.57-ஆல் பெருக்கினால் 2.46. அம்மாவின் எடை 96 கிலோ. 96-ஐ 2.46-ஆல் வகுத்தால் 39. மகளின் எடை 66 கிலோ. 66-ஐ 2.46-ஆல் வகுத்தால் 26.8.

இந்தியர்களுக்கு 23-க்குக் கீழே இருந்தால் நல்லது. 23-லிருந்து 25 வரை எடை கூடுதல். 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று நம் டாக்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு 30 வரை விட்டுப்பிடிக்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? ஒரே எடையில் நம் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அந்தக் கொழுப்பும் போய்ச் சேருவது வயிற்றில். அதனால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் நமக்குச் சீக்கிரமே வந்துவிடுகின்றன. ஒரு டேப்பை எடுத்து இடுப்பையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டினால் உஷார்.

இது ஏதோ பணக்கார வீட்டு வியாதி என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். கரிசல் காட்டில் களையெடுத்துக் கம்பங்கஞ்சி குடித்த ஆச்சிக்கு ஊளைச்சதை போட வழியில்லை. பேத்தி புதியம்புத்தூரில் நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ராத்திரிக்குப் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வருகிறது. உடம்பு என்ன செய்யும்?

அத்தை சொன்ன அந்த 'வளையம்'

சரி, விஷயத்துக்கு வருவோம். அத்தை காதில் விழுந்தது இரைப்பை வளைய அறுவை. 'கேஸ்ட்ரிக் பேண்ட்' என்பார்கள்.

இரைப்பையின் மேல்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சிலிக்கோனால் ஆன ஒரு வளையத்தை பெல்ட் மாதிரி மாட்டுகிறார்கள். வளையத்துக்கு மேலே சின்னதாக ஒரு பை உருவாகிறது. அது ஓர் அவுன்ஸ், அதாவது 30 மில்லி கூடப் பிடிக்காது. நாலு வாய் சாப்பிட்டதும் அந்தப் பை நிறைந்து, "போதும்" என்று மூளைக்குச் செய்தி போகிறது. சாப்பாடு மணல் கடிகாரத்தில் மணல் இறங்குகிற மாதிரி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது.

வளையத்தின் உள்பக்கம் ஒரு பலூன் உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்த ஒரு சின்னக் குமிழில் முடிகிறது. டாக்டர் வெளியிலிருந்தே அந்தக் குமிழில் ஊசி குத்தி உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும். எடுத்தால் தளரும். இரைப்பையை வெட்டுவதில்லை, குடலைத் தொடுவதில்லை. வேண்டாம் என்றால் வளையத்தைக் கழற்றியும் விடலாம்.

கேட்கும்போதே நன்றாக இருக்கிறது இல்லையா? உலகமும் அப்படித்தான் மயங்கியது.

வளையம் வந்த கதை... போன கதை

எடைக்காக ஆபரேஷன் செய்வது புதிதல்ல. அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-லேயே இரைப்பை பைபாஸ் செய்தார். அது வயிற்றைப் பெரிதாகக் கிழித்துச் செய்யும் பெரிய ஆபரேஷன். 1986-ல் டாக்டர் லுபோமிர் குஸ்மாக், இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற சிலிக்கோன் வளையத்தைக் கொண்டுவந்தார். 1993 செப்டம்பரில் பெல்ஜியத்தில் டாக்டர் மிட்டிகு பெலாச்சு, அதை லாப்ராஸ்கோப்பி முறையில், சின்னத் துளைகள் வழியாகவே மாட்டிக் காட்டினார். அதன் பிறகு கேட்க வேண்டுமா? ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று வளையம் பரவியது. 2001-ல் அமெரிக்க அரசும் அனுமதி தந்தது. நியூஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி 2013-ல் மாட்டிக்கொண்டது இந்த வளையத்தைத்தான்.

ஆனால் வருஷங்கள் போகப்போகக் கதை மாறியது. சிலருக்கு வளையம் இடம் நழுவியது. சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளேயே போய்விட்டது. குமிழில் கிருமி பிடித்தது, குழாய் கசிந்தது, உணவுக்குழாய் வீங்கியது. எடை குறையாமல் ஏமாந்தவர்களும், குறைந்த எடை திரும்பி வந்தவர்களும் ஏராளம். கணிசமானவர்களுக்கு இன்னொரு ஆபரேஷன் செய்து வளையத்தை எடுக்க வேண்டியதாயிற்று. 2011-ல் அமெரிக்காவில் நடந்த எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் நூற்றுக்கு 35 வளையம்தான். 2019-ல் அது நூற்றுக்கு ஒன்று என்பதற்கும் கீழே போய்விட்டது.

ஏன் இப்படி? வளையம் கெட்டியான சாப்பாட்டை மட்டும்தான் தடுக்கும். கருப்பட்டிப் பால், மில்க் ஷேக், ஐஸ்கிரீம், குளிர்பானம் எல்லாம் அதன் வழியே வழுக்கிக்கொண்டு போய்விடும். பரோட்டா தொண்டையில் நிற்கிறது, ஐஸ்கிரீம் சுகமாக இறங்குகிறது என்றால் மனுஷன் எதைச் சாப்பிடுவான்? 'வாயைக் கட்டி வயித்தைக் கட்டி' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஏன் இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள் என்று இப்போது புரிகிறதா? டாக்டர் வயிற்றைத்தான் கட்ட முடியும்!

இன்று டாக்டர்கள் செய்வது எது?

இன்றைக்கு அதிகம் நடப்பவை இரண்டு. இரண்டுமே லாப்ராஸ்கோப்பி முறையில்தான்.

முதலாவது 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்பும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது, வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். அதனால் அளவும் குறைகிறது, பசியும் குறைகிறது. வளையத்திடம் இந்த வித்தை கிடையாது. ஆனால் ஒன்று, வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகும்.

இரண்டாவது 'பைபாஸ்'. இரைப்பையின் மேலே சின்னதாக ஒரு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு இது நன்றாகக் கேட்கும். பலருக்கு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வரும். ஆனால் சத்துக் குறைவு வரும் வாய்ப்பும் இதில் அதிகம்.

நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜெட்லி 2014-லும் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டபோது பேப்பரில் படித்திருப்பீர்கள். அப்போதுதான் நம் ஊர் டீக்கடைகளிலும் இந்தப் பேச்சு வந்தது.

பலன் நிஜம்தானா என்று கேட்டால், நிஜம்தான். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,000 பேரையும், அதே மாதிரி பருமனாக இருந்து சாதாரண வைத்தியம் மட்டும் பார்த்த 2,000 பேரையும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. ஆபரேஷன் செய்தவர்களிடையே இறப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைவு. இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை. ஆயுள் சம்பந்தப்பட்ட விஷயம்.

யாருக்குத் தேவை? யாருக்குத் தேவையில்லை?

1991-ல் அமெரிக்காவில் ஒரு வரையறை வகுத்தார்கள். பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, மூச்சுத் தடை போன்ற நோய்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும்தான் ஆபரேஷன். 2022-ல் உலக அளவிலான எடைக் குறைப்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் அதைத் திருத்தின. 35-க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். 30-க்கு மேல் இருந்து சர்க்கரை போன்ற நோய் இருந்தாலும் யோசிக்கலாம். ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றார்கள்.

கவனியுங்கள். பரிசீலிக்கலாம் என்றுதான் சொன்னார்கள். முதலில் சாப்பாடு, நடை, மருந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து பார்த்திருக்க வேண்டும். தைராய்டு பரிசோதனை செய்திருக்க வேண்டும். மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிப்பழக்கத்தை விட முடியாதவர்கள், மனநோய்க்குச் சிகிச்சை எடுக்காமல் இருப்பவர்கள், திரும்பத் திரும்ப வந்து காட்ட முடியாதவர்கள் இவர்களுக்கெல்லாம் நல்ல டாக்டர் கத்தியை எடுக்க மாட்டார்.

எடைக்கென்று ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. டிர்செபடைட், செமாகுளூடைட் என்ற மருந்துகள் 2025-ல் எடைக் குறைப்புக்காகவும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. பசியை நன்றாகக் குறைக்கின்றன. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்டார் என்று நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடுகிற சமாச்சாரம் அல்ல இது.

ஆபத்து இல்லையா?

எந்த ஆபரேஷனில்தான் ஆபத்து இல்லை? 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்த 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 3 பேர். அனுபவமுள்ள மையங்களில் இப்போது அதைவிடக் குறைவு. பித்தப்பைக் கல் ஆபரேஷனோடு ஒப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டது என்கிறார்கள்.

ஆனால் கணக்கு என்பது கூட்டத்துக்குச் சொல்வது. வீட்டுக்கு ஒரு உயிர்தான். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன 26 வயது இளைஞர் இறந்துபோனார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த ஆஸ்பத்திரியின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. எங்கே செய்கிறோம், யார் செய்கிறார், திடீரென்று ஏதாவது ஆனால் தாங்கிப் பிடிக்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பதற்காக.

தையல் கசிவு, ரத்தக்கசிவு, காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவது ஆகியவை ஆரம்ப நாள் ஆபத்துகள். ஜுரம், நெஞ்சு படபடப்பு, தோள்பட்டை வரை இழுக்கும் வயிற்று வலி, மூச்சுத் திணறல் வந்தால் "காலையில பாத்துக்கலாம்" என்று படுக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. முடி கொட்டுவது, பித்தப்பையில் கல், தோல் தொங்குவது ஆகியவை பிற்பாடு வரக்கூடியவை. நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் வைட்டமின் பி1 வற்றி நரம்பையும் மூளையையும் பாதிக்கும். அதையும் சாதாரணமாக விடாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்தது. சாப்பாடு?

முதல் இரண்டு வாரம் நீராகாரம்தான். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், சர்க்கரை போடாத பால். அடுத்த இரண்டு வாரம் குழைத்து மசித்தது. அதன்பின் மென்மையானது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகுதான் பழைய மாதிரி திடமான சாப்பாடு. அதுவும் ஒரு கிண்ணத்தில், பழைய மாதிரி தட்டில் அல்ல! அளவும் நாளும் டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறும். உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு.

தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். பரோட்டா, பன், நாரான ஆட்டுக்கறி ஆகியவை அடைத்துக்கொள்ளும். முக்கியமாக வளையக்காரர்களுக்கு. பைபாஸ் செய்தவர்கள் அல்வா, மக்ரூன் என்று இனிப்பைத் தின்றால் கொஞ்ச நேரத்தில் வியர்த்து, படபடத்து, வயிற்றைக் கலக்கி ஆளைச் சாய்த்துவிடும்.

புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது போக வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். அதற்கு டப்பா பவுடர்தான் என்றில்லை. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்களுக்கு என்ன குறை? குழம்பில் போட்ட சாளை மீன் 100 கிராம் என்றால் ஏறத்தாழ 20 கிராம் புரதம். இரண்டு முட்டை 12. இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர் 13. நம் கரிசலில் விளையும் பாசிப்பயறோ உளுந்தோ 50 கிராம் சேர்த்தால் 12. அறுபதை நெருங்கிவிட்டோமே! சைவக்காரர்கள் பயறு, பனீர், சோயா, தயிர் என்று கொஞ்சம் கூடுதலாகக் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று. ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்கள் இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, பி12 இவற்றை ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு அல்ல, ஆயுள் முழுக்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. இரைப்பை இணைப்பில் புண் வரும்.

கல்யாணமாகப் போகிற பெண்களுக்கு

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு 12-லிருந்து 18 மாதம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எடை வேகமாக இறங்கும் காலம் அது. தாய்க்கே சத்துப் பற்றாது, வயிற்றுப் பிள்ளைக்கு எங்கே போவது? கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு ஆபரேஷன் செய்துவிட்டு, கல்யாணம் முடிந்த மறுமாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கிற ஊரில் அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

தூரக் கணக்கு

வளையம் வைப்பவர்களுக்கு உண்மையான வைத்தியம் ஆபரேஷன் மேஜையில் நடப்பதில்லை. பிற்பாடு ஊசி போட்டு இறுக்கும்போதுதான் நடக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதத்தில் முதல் ஊசி. முதல் வருஷம் முழுக்க அடிக்கடி. ஓட்டப்பிடாரத்திலிருந்து தூத்துக்குடி என்றால் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். சென்னை, கோவை என்றால்? ராத்திரி ரயில், லாட்ஜ், துணைக்கு ஒரு ஆள், இரண்டு நாள் லீவு. முதல் இரண்டு தடவை போவோம். மூன்றாம் தடவை "அடுத்த மாசம் பாத்துக்கலாம்". அங்கேதான் எல்லாம் கோட்டை விடுவது. ஸ்லீவ், பைபாஸுக்கு அத்தனை தடவை அலைய வேண்டாம். ஆனாலும் தொடர்பு விட்டுப்போகக் கூடாது. எனவே, ஆபரேஷன் செய்யும் இடத்தைப் பார்க்கும்போதே, அதன் பிறகு கவனிக்க உங்கள் ஊர்ப் பக்கம் யார் இருக்கிறார் என்றும் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ வருஷங்களுக்கு முன்பே வளையம் மாட்டிக்கொண்டவர்கள் நம்மிடையே இருப்பார்கள். பயப்பட வேண்டாம். தொந்தரவில்லாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும். ஆனால் வருஷம் ஒரு தடவை காட்டுங்கள். அடிக்கடி வாந்தி, படுத்தால் எதுக்களித்து இருமல், திடீர் வயிற்று வலி, குமிழ் இருக்கும் இடத்தில் சிவப்பு என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். பல சமயம் உப்புநீரை எடுத்து வளையத்தைத் தளர்த்தினாலே சரியாகும். கர்ப்பமானால் டாக்டரிடம் வளையத்தைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்.

பணம்?

தனியாரில் செய்தால் லட்சக்கணக்கில் ஆகும். முன்பெல்லாம் "எடைக் குறைப்பா? அது அழகு ஆபரேஷன்" என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்துவிடும். 2019-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு வரையறை கொடுத்தது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், டாக்டரின் பரிந்துரை இருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-க்கு மேல் என்றால், கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை இவற்றில் ஒன்றாவது இருந்து, எடையைக் குறைக்க மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். இதற்குள் வந்தால் அழகு ஆபரேஷன் என்று தள்ள முடியாது. உங்கள் பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

சென்னையில் அரசு ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே விசாரியுங்கள். பூர்வாங்கப் பரிசோதனைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு இவற்றைத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய எட்டு கேள்விகள்

1. என் பி.எம்.ஐ. எவ்வளவு? ஆபரேஷன் இல்லாமல் இன்னும் என்ன செய்து பார்க்கலாம்?

2. எனக்கு எந்த முறை? ஏன் அது? வளையம் என்றால், மற்றவற்றை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

3. இந்த ஆபரேஷனை நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

4. ஐ.சி.யூ., வென்டிலேட்டர், ரத்த வங்கி வசதி இங்கேயே இருக்கிறதா?

5. மயக்க மருந்து டாக்டர், இதய டாக்டர், நுரையீரல் டாக்டர் என்னை முன்கூட்டிப் பார்ப்பார்களா?

6. உணவு ஆலோசகர் உண்டா? எத்தனை நாள் துணைக்கு இருப்பார்?

7. ராத்திரி 2 மணிக்கு வலி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்?

8. மொத்தச் செலவு எவ்வளவு? அதற்குப் பிறகு வருஷா வருஷம் மாத்திரை, பரிசோதனைக்கு எவ்வளவு?

கேள்வி கேட்டால் கோபிக்கிற டாக்டரிடம் வயிற்றைக் கொடுக்காதீர்கள்.

மறுபடியும் அந்த வீட்டுக்கு...

இப்போது சொல்லுங்கள். ஆபரேஷன் யாருக்கு?

மகளின் கணக்கு 26.8. எந்த வரையறையிலும் அவள் வரவில்லை. அவளுக்கு வேண்டியது தைராய்டு, மாதவிலக்குப் பரிசோதனை, தினமும் முக்கால் மணி நேர நடை, ராத்திரிப் பரோட்டாவுக்கு விடுமுறை, தட்டில் சோறு பாதியாகக் குறைந்து காயும் பயறும் மீனும் கூடுவது. ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ இறங்கினால் போதும், உடம்பு நன்றி சொல்லும். மாப்பிள்ளை வீட்டாருக்காக அவளை மேஜையில் படுக்கவைக்காதீர்கள். எடையைப் பார்த்துத்தான் தலையாட்டுவோம் என்கிற வீடு, பிரசவத்துக்குப் பிறகு எடை கூடினால் என்ன சொல்லும் என்றும் யோசித்துப் பாருங்கள்.

அம்மாவின் கணக்கு 39. இன்சுலினுக்கும் அடங்காத சர்க்கரை. தூக்கத்தில் நின்று போகும் மூச்சு. எல்லா வரையறையிலும் வருகிறவள் அவள்தான். அவளுக்காக யாராவது வாயைத் திறந்தார்களா? "அவளுக்கென்ன, வயசாச்சு, உடம்பு போட்டிருக்கு" என்று விட்டுவிட்டார்கள். 46 எல்லாம் ஒரு வயதா? அவள் கேலிக்குரியவள் அல்ல, நோயாளி. மூச்சு நிற்கிற குறட்டை ஒரு நோய். முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்க்கட்டும். சர்க்கரை, தூக்கம், இதயம், தைராய்டு எல்லாம் பார்க்கட்டும். உணவுமுறையும் மருந்தும் ஒழுங்காக முயன்று பார்க்கட்டும். அப்படியும் அடங்காவிட்டால் எடைக் குறைப்பு நிபுணரிடம் போய், அந்த எட்டு கேள்விகளையும் கேட்டு முடிவெடுக்கட்டும்.

ஆபரேஷன் செய்துகொண்டாலும் செய்யாவிட்டாலும் ஒன்று மட்டும் மாறாது. அம்மாவுக்குத் தனியாகக் கஞ்சியும் மற்றவர்களுக்குப் பரோட்டாவுமாக எந்த வீட்டிலும் எடை குறைந்ததில்லை. வயிற்றைக் கட்ட டாக்டர் போதும். வாயைக் கட்ட வீடே சேர வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வரும்போது மகளே காபி போட்டுக் கொண்டுவரட்டும். சர்க்கரை இல்லாமல். அம்மா உட்கார்ந்திருக்கட்டும். பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள்: "மைனி, இந்தத் தடவை நாம உங்க உடம்பைப் பத்திப் பேசுவோம்."